நாற்பத்து மூன்றாம் எண் குடும்பம்

சிவப்பு மையில் 43 என்று எண்ணிட்ட இரண்டு படிவங்கள் என் மேசையில் கிடந்தன. இரண்டும் வீடுவீடாகப் போய் விவரம் கேட்டு எழுதும் அண்ணாச்சியின் கையெழுத்து. ஒன்றில் வலியசாலையில் ஓர் ஆண், தனியாக. மற்றொன்றில் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு பெண், மகளோடு. ஒரே எண்ணில் இரண்டு குடும்பங்களா?

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் எனக்குக் கணக்கீட்டு வேலை. அதே குடும்பங்களைச் சில ஆண்டு இடைவெளியில் மீண்டும் மீண்டும் சந்தித்துத் திரட்டும் விவரத்தைப் பேனல் தரவு என்போம். ஒரு குடும்பத்தைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிடாமல் அதன் பழைய நிலையோடேயே ஒப்பிடலாம். மாறாத குணங்கள் கழிந்துபோய், மாறியது மட்டும் மிஞ்சும். ஆனால் ஒரு சுற்றில் ஓர் எண்ணுக்குக் கணினியில் ஒரு வரிதான். "முன்பு பார்த்த அதே குடும்பத்தைப் பாருங்கள்" என்று களப்பணிக் குறிப்பில் எழுதியவன் நானே. குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் எது அதே குடும்பம் என்று யோசிக்கும் புத்தி அன்று எனக்கு இல்லை. இப்போதெல்லாம் பிரிந்த குடும்பங்களுக்குக் கிளை எண் கொடுக்கிறோம்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வலியசாலையில் வாடகைக்கு இருந்தார். கேட்டதற்குக் குடையை மடக்கியபடி சொன்னார்: "புருஷனும் பொஞ்சாதியும் பிரிஞ்சிட்டாவ. அவரு நாந்தான் அந்தக் குடும்பம்ங்காரு. அந்த அம்மாவும் நாந்தான்னு சொல்லுதாவ. நான் யார விடட்டும், சாரே?"

களப்பணிக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன்; அதில் இதற்கு வழி இல்லை. அதற்குள் விஷயம் இயக்குநர் காதுக்குப் போய்விட்டது. களப்பணியாளர்கள் டீக்கடையில் உட்கார்ந்தே படிவம் நிரப்புகிறார்கள் என்று அவருக்குத் தீராத சந்தேகம். இதில் எது கற்பனை என்று என்னைக் கேட்டார். அண்ணாச்சியின் வேலை என் பதிலில் இருக்கிறது என்று தெரிந்தும், "ஒன்றை நீக்கிவிட்டேன், சார்" என்று மட்டும் சொன்னேன். நீக்கியது கழக்கூட்டத்துப் பெண்ணை. முதல் சுற்றில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவர் பெயர் இருந்தது; வேறு காரணம் இல்லை. நீக்கியது பொய்ப் படிவம் என்று இயக்குநர் எடுத்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. அடுத்த சுற்றுக்கு அண்ணாச்சியை அழைக்கவில்லை. பயந்தேனா, குழம்பினேனா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எதுவானாலும் வெட்கம்தான்.

சில ஆண்டுகள் கழித்து அலமாரியைக் காலி செய்தபோது அந்த இரண்டு படிவங்களும் கிடைத்தன. நீக்கியதன் பின்பக்கத்தில் அண்ணாச்சி பென்சிலில் எழுதியிருந்தார்: "மூணு தடவ போனேன். வேலைக்குப் போயிட்டாவ. நாலாவது தடவ ஞாயித்துக்கிழம போயிப் பாத்தேன்." முன்பக்கத்து எண்களை மட்டுமே கணினியில் ஏற்றிய நான் அதைப் புரட்டியதே இல்லை.

அன்று மாலையே இரண்டையும் எடுத்துக்கொண்டு வலியசாலைக்குப் போனேன். அண்ணாச்சி இருந்த வீடு அப்படியே இருந்தது. கதவைத் திறந்த பெண், "அவங்க போயி குறே வருஷம் ஆச்சல்லோ. எங்கேன்னு அறியாது" என்று மலையாளம் கலந்து சொன்னாள்; அவர் போய்ப் பல வருஷமாம். ஒருத்தியைத் தேடிக் கழக்கூட்டத்துக்கு நாலு தடவை போன மனிதரை எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல், படிவங்களைக் கையில் பிடித்தபடி அந்த வாசலிலேயே நின்றேன்.