ஆள் ஏறிய பின் முறுக்குபவர்

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நார்மன் அடுத்தவர் காரில் ஏறுகிறார். முன்னிருக்கையில் உட்கார்ந்து, வெறும் பாதங்களைக் காரின் தரையில் பதித்து, கண்களை மூடிக்கொள்கிறார். ஓட்டுவது காரின் சொந்தக்காரர். ரேடியோ கூடாது, பேச்சும் கூடாது. கோர்படி ரயில்வே காலனியைச் சுற்றி வரும் பத்து நிமிடமும் அவர் முகம் தூக்கத்தில் நடப்பவரின் முகம்போல ஆகிவிடும். இறங்கியதும் சாக்பீசால் ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மேலே கோடு போடுவார். தேய்ந்த மூட்டு அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

வயது ஐம்பத்து நான்கு. மெக்கானிக்தான், ஆனால் இன்ஜினைத் தொடமாட்டார். ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் மட்டும். அதுவும் பதினைந்து வருடம் தாண்டிய கார்களாக இருக்க வேண்டும். "இன்ஜின் தனக்கு முடியலன்னா கத்திச் சொல்லிரும். இது சொல்லாது" என்பார். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து, மராத்தி பேசும் இந்த ஊருக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் வீட்டிலும் சர்ச்சிலும். தொழில் இந்தியிலும் மராத்தியிலும். சாலைப் பள்ளத்துக்கு மட்டும் அவர் தமிழில் சொல் தேடுவதில்லை. எந்த மொழியில் பேசினாலும் அது 'கட்டா'தான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் கைகள் காரின் உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். ஜாக்கியில் கார் தொங்கும்போதே அதன் போல்ட்டை முறுக்கிவிட்டால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் திருகிக்கொள்ளும். பிறகு நின்றாலும் ஓடினாலும் திருகியே கிடக்கும். கையை முறுக்கிக்கொண்டு தூங்குகிறவனுக்கு என்ன ஓய்வு கிடைக்கும்? ஆகவே நார்மன் காரைத் தரையில் நிறுத்தி, அதில் வழக்கமாகப் போகிறவர்களை ஏற்றி உட்காரவைத்து, அதன்பிறகே அடியில் புகுந்து முறுக்குவார். ஔந்திலிருந்து வந்த ஹர்ஷா என்ற பெண், தான் எதற்கு அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்று கோபித்துக்கொண்டாள். பிளவுஸ் தைக்க அளவு கொடுப்பதில்லையா என்று கேட்டார் நார்மன். வர முடியாதவர்களுக்காக மணல் மூட்டைகள் வைத்திருக்கிறார். ஆளின் எடையைக் கேட்டு, அதே எடைக்கு மூட்டையை அந்த இருக்கையில் சாய்த்துவைப்பார்.

அந்த மூட்டைதான் சென்ற டிசம்பரில் அவரை ஏமாற்றியது.

வானவடியில் இருக்கும் லீலா ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் ஜெபகுமாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அதற்காகவே ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார் லீலா. இருபது வருடத்துக் கார். ஒவ்வொரு கட்டாவும் ஜெபகுமாரின் இடுப்பெலும்பில் நேராகப் போய் இடித்தது. இரவுகளில் அவருக்குத் தூக்கமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மெஷினில் படுப்பதுகூடப் பரவாயில்லை, போகிற வழியைத்தான் தாங்க முடியவில்லை என்று சொல்லி வர மறுத்துவிட்டார். இப்படி விட்டுக்கொண்டே போனால் உயிர் தங்காது என்றார் டாக்டர். அன்று மதியமே காரை நார்மனிடம் கொண்டுவந்துவிட்டார் லீலா.

புதன்கிழமை முழுவதும் நார்மன் வேலை பார்த்தார். பழைய புஷ்கள் எல்லாவற்றையும் மாற்றினார். அண்ணாச்சி எங்கே உட்காருவார் என்று கேட்டதற்கு, தன் பக்கத்தில்தான் என்றார் லீலா. அறுபத்திரண்டு கிலோ மூட்டை முன்னிருக்கையில் ஏறியது. வியாழக்கிழமை எப்படியோ போய்வந்த ஜெபகுமார், சனிக்கிழமை தன்னைக் கூப்பிடவே கூடாது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழன் மாலையே லீலா வந்து சொன்னபோது நார்மன் நம்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பாதத்துக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பின் இருக்கையில் மடித்துப் போட்ட போர்வை; இடது மூலையில், நடுவே குழிந்துபோன ஒரு தலையணை.

"அக்கா, இது யாருக்கு?"

லீலா குனிந்து தலையணையைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு வருசமா பின்னாலதான் படுத்துட்டு வாராவ. நீ கேட்டதும் வாயில பழசு வந்துட்டு."

பின்கதவைத் திறந்து பார்க்காமல் மூட்டையை ஏற்றியது தன் தப்பு என்றார் நார்மன்.

வெள்ளிக்கிழமை காலை, பனி கலையுமுன்பே, கருவிப் பையோடு வானவடிக்குப் போனார். குடியிருப்பின் தரைத்தளத்தில் காரின் நான்கு சக்கரங்களையும் சமமான மரக்கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தினார். ஜெபகுமாரைக் கீழே கொண்டுவருவதுதான் கடினமாக இருந்தது. வண்டி ஒரு அங்குலம்கூட நகராது என்று மூன்று முறை வாக்குக் கொடுத்த பிறகு, லீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பின் இருக்கையில் படுத்தார்.

"ஆஸ்பத்திரியிலதான் போறப்பவும் வாரப்பவும் நிறுக்கானுவன்னா, நீயுமா நிறுக்க?"

"நீங்க ஆராமா படுங்க அண்ணாச்சி. ஒங்க எடைக்குத்தான் இத முறுக்கணும்."

"முன்ன எம்பது இருந்தேன். அப்ப வந்திருக்கணும் நீ."

காருக்கு அடியிலிருந்து நார்மனின் சிரிப்பு கேட்டது. பின் சக்கரங்களின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு வெளியே வந்து, கார் மெல்ல அமுங்கி எழும்படி டிக்கியைக் கையால் அழுத்தினார். நிறுத்தி, மறுபடி அழுத்தினார். தன் இடம் எது என்று ரப்பர் தானே தேடிக்கொள்ள வேண்டுமாம். மரங்களுக்கிடையிலிருந்து வந்த வெயில் காரின் உட்கூரையில் நீரலைபோல அசைந்தது. கரையில் கட்டிய படகில் கிடப்பவர்போல ஜெபகுமார் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு ஒவ்வொரு போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக, நார்மன் முறுக்கினார்.

சனிக்கிழமைக்கு ஜெபகுமார் ஒரு நிபந்தனை விதித்தார். "கோர்படி ரயில்வே கேட் தண்டவாளத்துல எனக்கு வலிச்சுதுன்னா, அங்கனயே திருப்பிரணும்." லீலா தலையாட்டினார். நார்மனும் கூடவே ஏறிக்கொண்டார்.

கேட் மூடியிருந்தது. ரயில் ஒன்று நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது. பனிக்குள்ளிருந்து பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பனிக்குள்ளேயே போயின. கேட் உயர்ந்தது. பின்னால் ஹாரன்கள். லீலா முதல் கியரில் மெதுவாக ஏற்றினார். முதல் தண்டவாளம். இரண்டாவது. நடுவில் கல் பெயர்ந்த பள்ளம். மூன்றாவது. நான்காவது. பின்னாலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார் லீலா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நார்மன் திரும்பிப் பார்த்தார். நேராகப் போகச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் லீலா இன்ஜினை நிறுத்திவிட்டுப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஜெபகுமாரின் வாய் சற்றே திறந்திருந்தது. சீராக மூச்சு வந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் நேரத்துக்கு இன்னும் கால்மணி இருந்தது. லீலா ஸ்டீயரிங்கின்மேல் கைகளை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நார்மன் இறங்கினார். கதவை அறைந்து சாத்தாமல், கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி இடுப்பால் மெல்லத் தள்ளி, அது உள்ளே பொருந்தியதும், விரல் விரலாகக் கைப்பிடியை விட்டார்.