இடுப்பில் செருகிய இரும்பு

இடுப்பில் செருகிய இரும்பு முதலில் சில்லென்று சதையைத் தொடும். நாலு வயல் தாண்டுவதற்குள் உடம்புச் சூடு ஏறி, வியர்வையில் துருவாடை கிளம்பி, அப்புறம் அது இருக்கிறதென்ற நினைவே போய்விடும். பதின்மூன்று வயதில் எனக்குப் பழகிப்போன சுகம் அது. பெண்பிள்ளைக்குக் கத்தி எதற்கு என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு யாராவது கேட்டாலும் உட்கார வைத்துச் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறேன்.

நூம்பலுக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய குடிசைத் தெரு எங்களுடையது. வெள்ளைக்காரன் யுத்தத்துக்காக ஆவடியில் கொட்டகை கொட்டகையாகப் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். கரைப் புல் ஊருக்குப் பொது என்பார்கள். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் அறுத்தால் மட்டும் மணியக்காரரின் தலையாரி வந்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போவார். பிடுங்கிய அரிவாளை மணியக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகிவிடுவார்கள். திரும்ப வேண்டுமென்றால் அவர் களத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். எத்தனை நாள் என்பது அவர் வாய்க்கு வந்தபடி. இதற்குத் "தண்டம்" என்று பெயர். அம்மாவின் அரிவாள் அப்படிப் போய், அவள் பல நாள் களம் பெருக்கியும் திரும்பி வரவில்லை. எங்கள் பசு எலும்பு தெரிய நின்றது.

அந்த நேரத்தில்தான் நான் வயதுக்கு வந்தேன். தெருக்கோடியில் பச்சை ஓலையால் "குச்சு" கட்டி என்னை ஒன்பது நாள் அதற்குள் உட்கார வைத்தார்கள். குச்சிலிருக்கும் பெண்ணைக் காற்று கருப்பு அண்டாமலிருக்க அவள் கையில் இரும்பு கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டிலிருந்த ஒரே இரும்பு மணியக்காரர் கூரையில் இருந்ததால், நான் நைனா என்று கூப்பிடும் அப்பா பூந்தமல்லிக்கு நடந்து போய், தெரிந்த கொல்லரிடமிருந்து மூன்று கத்திகளை வாங்கி வந்தார். பிடிக்காத இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் நான் தொட்டது திரும்பாது, தீட்டு. ஆகவே ஓலை இடுக்கு வழியாகக் கண்ணால் மட்டும் பார்த்துத்தான் நான் ஒன்றைப் பொறுக்க வேண்டும்.

நைனா சாக்கை விரித்து மூன்றையும் வைத்தார். ஒன்று பித்தளைப் பிடி போட்ட மடக்குக் கத்தி. ஒன்று பிறைபோல் வளைந்தது. இன்னொன்று லாரியின் வில்பட்டையிலிருந்து அடித்த நேர்க்கத்தி. என் நடுவிரல் நீளத்துக்கு அலகு, புளியங்கட்டைப் பிடி.

"மடக்கு எடுத்துக்கம்மா. கைய கிய்ய கிழிச்சிக்க மாட்டே," என்றார் நைனா.

"அத்த தெறக்க ரெண்டு கையும் வோணும் நைனா. ஒரு கையில புல்லு இருந்தா இன்னா பண்றது?"

மடக்கின் மூட்டில் சேறு புகுந்தால் இறுகும், நாளாவட்டத்தில் தளர்ந்து விரல்மேலேயே விழும். வளைந்தது புல்லுக்கு வாகானதுதான், ஆனால் இடுப்பில் செருகிக் குனிய முடியாது. நேர்க்கத்தியால் ஓலை நரம்பைச் சீவச் சொன்னேன், நாணலை வெட்டச் சொன்னேன், பிடியைக் கல்லில் ஓங்கித் தட்டச் சொன்னேன். பிடி ஆடவில்லை. கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு அழைத்தபோது, கத்தியை நெருப்பில் காட்டித் தீட்டுக் கழிக்க வேண்டுமென்று அம்மா கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"அது அப்டியே இருக்கட்டும்மா."

"குச்சில கெடந்த இரும்ப ஊட்டுக்குள்ள கொண்டாராதடி."

"கொண்டாரல. வெளிய கூர எறவாணத்துல செருகிக்கிறேன்."

அப்போதே யோசித்துத்தான் சொன்னாயா என்று கேட்டால், ஆமாம், யோசித்துத்தான் சொன்னேன். ஒன்பது நாள் ஓலைக்குள் எனக்கு வேறென்ன வேலை.

மறுவாரம் கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்தபோது தலையாரி வந்தார். "கத்திய குடு," என்று கையை நீட்டினார்.

"எடுத்துக்க மாமா. குச்சில எங்கூட கெடந்த இரும்பு. இன்னும் நெருப்புல காட்டல."

நீட்டிய கை பின்வாங்கிய வேகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு போய்விட்டார். நான் புல்லைக் கட்டிவைத்துவிட்டு, கத்தியைக் கையில் பிடித்தபடியே மணியக்காரர் வீட்டுக்கு நடந்தேன். அம்மா அன்றைக்கும் அந்த வீட்டை ஒட்டிய களத்தில்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். தலையாரி எனக்கு முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டிருந்ததால் மணியக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"அந்தச் சனியன தூரப் போட்டுட்டு வந்து பேசு," என்றார்.

"எங்க அம்மா அருவா உங்க கொட்டாயில கீது. நானே உள்ள வந்து எடுத்துக்கட்டா?" என்று கேட்டு, ஒரு காலைத் தூக்கி வாசற்படிமேல் வைத்தேன்.

பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கத்தியோடு நிற்கிற என்னைத் தொட்டு நிறுத்த அங்கே ஒரு ஆள் இல்லை. சற்று நேரத்தில் அம்மாவின் அரிவாள் மதிலைத் தாண்டி வந்து புழுதியில் விழுந்தது.

"எங்க தெரு அருவா இன்னும் நாலு கீது," என்றேன். காலை எடுக்கவில்லை.

அவையும் வந்து விழுந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், ஆனால் மறுநாளிலிருந்து களம் பெருக்கப் போகவில்லை.

இப்போது அந்த ஏரியில் பாதி வீடுகள், கரைமேல் தார்ச்சாலை, களம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். கத்தியும் கல்லில் உரசி உரசித் தேய்ந்து எங்கோ போய்விட்டது. இதில் எதற்காகவும் நான் கண்ணைக் கசக்கப் போவதில்லை. தீட்டென்று ஒன்றுமே கிடையாது என்று பேசுகிற நீ அதே தீட்டைக் காட்டித்தானே ஜெயித்தாய், அது சரியா என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அந்தச் சொல்லை நான் உண்டாக்கவில்லை. என்னை ஊருக்கு வெளியே உட்கார வைத்த சொல் அது, ஒரே ஒரு நாள் அதே சொல்லை வைத்துத் தலையாரியையும் மணியக்காரரையும் பின்னால் போக வைத்தேன், அவ்வளவுதான் என்றேன். அவள் வயதுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் ஓலை வெட்டவில்லை. மறுநாளே அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.