பின் அறை: நல்ல நிலை

நாற்பத்தேழு வயதில் ஒருவர் வேலையை மாற்றிக்கொண்டால் சுற்றியிருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். காரணம் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் தாங்களே ஒன்றைத் தைத்து மாட்டிவிடுவார்கள். டேப்புக்காரருக்குத் தைத்த காரணம் அவர் அளவுக்குக் கொஞ்சம் பெரிது. ஆனாலும் கழற்றாமல் ஒன்றரை வருடமாக அதையே போட்டுக்கொண்டிருந்தார்.

வீடு, கடை, கிடங்கு என்று எதுவானாலும் அளந்து பார்த்து, அது எவ்வளவு பெறும் என்று ஒரு கம்பெனி சார்பில் வங்கிக்கு எழுதிக் கொடுப்பது பத்தொன்பது வருடங்களாக அவர் செய்த தொழில். லேசர் கருவி வந்து எத்தனையோ காலமான பிறகும் இடுப்பில் ஒரு டேப் தொங்கும். பேர் அப்படி வந்ததுதான். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பார். பிறகு மூலைகள். பிறகு சுவரில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. வீட்டுக்காரர் முகம் கடைசியில்தான். "முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப என்னைப் பாக்கலை, மூலையில இருந்த ஈரத்தைத்தான் பாத்தார்" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

அந்த வேலையை விட்ட அன்று சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "இனிமே அந்தக் கையெழுத்தை என்னால போட முடியாது."

எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மைத்துனர். காதில் விழுந்ததை வெளியே கொண்டுபோகும்போது இரண்டு சுற்று பெரிதாக்குகிற மனிதர். ஒரே வாரத்தில் விஷயம் பரவிவிட்டது. "எங்க மாமாவை அமுக்கிப் பாத்தாங்க. விலையை ஏத்தி எழுதுன்னாங்க. பேனாவை மூடி வெச்சுட்டு எழுந்து வந்துட்டார். அந்தக் காலத்து மனுஷன்." மாமாவுக்கும் அவருக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம்.

டேப்புக்காரர் மறுக்கவில்லை. முதல் நாள் மறுத்திருந்தால் ஒரு நிமிட வேலை. ஒரு மாதம் போன பிறகு மறுப்பதென்றால் அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அப்படியே விட்டுவிட்டார்.

நடந்தது வேறு. ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்தது. வாங்குகிறவர்களுக்குக் கடன் கொடுக்குமுன் வங்கி அவரை அனுப்பியது. முன் அறை, சமையலறை எல்லாம் முடிந்து பின் அறைக்கு வந்தபோது அந்த வீட்டு மருமகள் வாசலில் குறுக்கே நின்றாள். "மாமா இப்பதான் கண்ணசந்தார். ரெண்டு நாளா ஒரே இருமல்" என்று கிசுகிசுத்தாள். உள்ளே திரை போட்ட இருட்டில் ஒரு பெரியவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டேப்புக்காரர் வாசலில் நின்றபடியே லேசரை அடித்தார். சிவப்புப் புள்ளி கிழவரின் தோளுக்கு ஒரு சாண் மேலே சுவரில் விழுந்தது. நீளம் கிடைத்தது. அகலத்தை முன் அறையிலிருந்து எடுத்துக்கொண்டார். கூரையைப் பார்க்க டார்ச் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அன்றைக்கு இன்னும் நான்கு வீடுகள் பாக்கி. அதைவிட, தூங்குகிற மனிதர்மேல் வெளிச்சம் அடிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மருமகள் நன்றியோடு தலையசைத்தாள். நல்ல மனுஷர் என்று பேர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அறிக்கையில் ஒவ்வொரு அறைக் கூரைக்கும் ஒரு படம் ஒட்ட வேண்டும். முன் அறைக் கூரையை இரண்டு கோணத்தில் எடுத்திருந்தார். இரண்டாவதை ஒட்டி, கீழே "பின் அறை: நல்ல நிலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு மாதம் கழித்து வங்கி அதிகாரி ஃபோன் செய்தார். "அந்த வீட்டுப் பின் ரூம்ல காரை பெயர்ந்து விழுந்துச்சாம். யாருக்கோ அடியாம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. மறைவான குறைகளுக்கு நாங்க பொறுப்பில்லன்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கே, அது போதும்."

யாருக்கு அடி, எங்கே அடி என்று டேப்புக்காரர் கேட்கவில்லை. அன்று மாலை வேறொரு வீட்டு அறிக்கையில் "நல்ல நிலை" என்று எழுத வேண்டி வந்தது. அந்த வீடு உண்மையிலேயே நல்ல நிலையில்தான் இருந்தது. கை எழுதவில்லை.

இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பள்ளியின் முதலாளிக்கு ஹாரன் என்று பட்டப்பேர். மெதுவாகப் பேசுவது அவருக்குப் பிறவியிலேயே வராத கலை. பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. டேப்புக்காரருக்கு அது பிடித்துப்போனது. தவறு நடக்கும் அந்த நொடியிலேயே காலால் நிறுத்திவிடலாம்.

மருந்துக்கடைக்காரம்மா வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட நிம்மதியான ஒரு வாரத்தில். முப்பத்தைந்து வயதிருக்கும். சீட்டில் எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு மருந்து எடுத்துக் கொடுக்கிற பழக்கம் காரிலும் வந்தது. கண்ணாடியை இரண்டு தடவை பார்ப்பாள். பின்னால் வருகிறவன் பொறுமை போய்விடும்.

மூன்றாவது நாள், வண்டி ஆளில்லாத நேர் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"நீங்க முன்னாடி வீட்டுக்கு மதிப்புப் போடற வேலையில இருந்தீங்களாமே சார். ஹாரன் சார் சொன்னார். பொய் எழுத மாட்டேன்னு விட்டுட்டீங்களாம்."

"ரோட்டைப் பாருங்க மேடம்."

"பாத்துட்டுதான் இருக்கேன். எங்க வீட்டுக்கும் ஒருத்தர் வந்தார். நாங்க வாங்கறதுக்கு முன்னாடி. பின் ரூம் நல்ல நிலைன்னு எழுதிட்டுப் போயிட்டார். படமும் இருந்துச்சு. அந்தப் படத்துல விளக்கு மாட்டற கொக்கி தெரியுது சார். எங்க பின் ரூம்ல கொக்கியே கிடையாது. கூரை விழுந்த பிறகுதான் அதை உக்காந்து பாத்தேன்."

டேப்புக்காரர் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தார்.

"எங்க வீட்டுக்காரர் தோள்ல விழுந்துச்சு. ரெண்டு ஆபரேஷன். இன்னும் கை மேல தூக்க முடியாது. அவர்தான் எப்பவும் ஓட்டுவார். அதான் நான் கத்துக்க வந்தேன். யாரு எழுதினதுன்னு பாத்தா, கம்பெனி முத்திரையும் ஒரு கிறுக்கலும்தான் இருக்கு. உங்களை மாதிரி ஒருத்தர் வந்திருந்தா அவர் கை நல்லா இருந்திருக்கும்."

வண்டி குலுங்கி நின்றது.

"ஏன் சார்? எதிர்ல யாருமே இல்லையே."

தன் கால் பிரேக்கின் மேல் இருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

மறுநாள் காலை ஹாரனிடம் போய், அந்த அம்மாவை வேறு ஆசிரியருக்கு மாற்றிவிடச் சொன்னார்.

"ஏன், கியரைப் பிடுங்கிக் கையில கொடுத்துட்டாங்களா?" என்றார் ஹாரன். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"அதெல்லாம் இல்ல."

"பின்ன? நேர்மையான ஆள்னு சொல்லித்தான் உங்ககிட்ட சேத்துவிட்டேன். அந்தம்மா வேற யார்கிட்டயும் போகாது. சொல்லுங்க, என்ன பிரச்சனை?"

சொல்லலாம். நான் அந்த ஆள் இல்லை என்று ஒரு வரி போதும். ஹாரனிடம் சொன்னால் அது நகரம் முழுவதும் கேட்கும், மனைவிக்கும் மைத்துனருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். டேப்புக்காரர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வகுப்புகள். எட்டிலும் சொல்ல நினைத்தார். வளைவில் சொன்னால் பதறிவிடுவாள், நேர் சாலையில் சொன்னால் நிறுத்திவிடுவாள், மழை பெய்தது, தேர்வு நெருங்கிவிட்டது. காரணங்களைத் தைப்பதில் அவரும் மைத்துனருக்குச் சளைத்தவரில்லை. நடுவில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். எட்டு வகுப்பிலும் பிரேக்கை அவர் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவரை இன்னும் வருத்தியது.

கடைசி வகுப்பன்று மதியம் அவள், "இன்னிக்கு எங்க வீட்டு வாசல் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போறேன் சார். நீங்க வழியே சொல்லக் கூடாது" என்றாள்.

வழி அவருக்குத் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் சிக்னல் போடுமுன் அவர் கண் அந்தப் பக்கம் போனது. வாசலில் சுவரை ஒட்டி அழகாக நிறுத்தினாள். பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பினாள்.

"அந்தக் கிறுக்கல் என்னுது" என்றார் டேப்புக்காரர்.

அவளுக்குப் புரியவில்லை.

"இந்த வீட்டுக்கு வந்தது நான்தாம்மா. பின் ரூம்ல ஒரு பெரியவர் தூங்கிட்டு இருந்தார். எழுப்ப வேணாம்னு உள்ளயே போகலை. முன் ரூம் படத்தை ஒட்டிட்டேன். பொய் எழுத மாட்டேன்னு நான் வேலையை விடலை. எழுதிட்டு விட்டேன்."

அவள் இன்ஜினை அணைத்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"அந்தப் பெரியவர் கட்டில் எங்க இருந்துச்சு?"

"ஜன்னல் பக்கத்துல. சுவரை ஒட்டி."

"அங்கதான் விழுந்துச்சு." அவள் அவரைப் பார்க்கவில்லை. "அந்தப் பெரியவரும் அதுக்குக் கீழேயேதானே படுத்திருந்திருக்கார்."

இத்தனை நாளில் டேப்புக்காரர் அறிக்கையை நினைத்திருக்கிறார், படத்தை நினைத்திருக்கிறார், முகம் தெரியாத வாங்கியவர்களை நினைத்திருக்கிறார். அந்தக் கிழவரை மட்டும் தன் நல்ல குணத்துக்குச் சாட்சியாக ஒரு பக்கம் வைத்திருந்தார். சிவப்புப் புள்ளிக்கு மேலே என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"எழுப்பியிருக்கலாம்" என்றார்.

"எழுப்பியிருக்கணும்." அவள் கதவைத் திறந்து இறங்கினாள். "உள்ள வாங்க. எங்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க."

முன் அறைக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் கண் மேலே போனது. கொக்கி இருந்தது. கண்ணைக் கீழே இறக்கினார். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் ஒரு தலையணைமேல், அடுத்தவர் பொருளைப் பத்திரமாக வைத்ததுபோல் இருந்தது.

"மாத்திரை போட்டிருக்கார். தூங்கறார்" என்றாள் அவள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுபோல் நின்றாள்.

நாளைக்கு வருகிறேன் என்ற வார்த்தை டேப்புக்காரரின் நாக்கு நுனி வரை வந்தது. மரியாதையான வார்த்தைதான். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள்.

"எழுப்புங்க" என்றார்.

அவள் கணவரின் இடது தோளைத் தொட்டாள். அவர் கண் திறந்து, மனைவியைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் நின்ற புது ஆளைப் பார்த்தார்.

"யாரு?"

அவள் வழியை விட்டு நகர்ந்துகொண்டாள்.