புள்ளி மேடம்

ஆய்வகத்தின் கணினி அறைக்குள் யார் நுழைந்தாலும் புள்ளி மேடம் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிடுவார். "உக்காருங்க, எதையாவது அமுக்கிப் பாருங்க" என்பார். பின்னால் நின்று, வந்தவரின் கை எந்த இடத்தில் தயங்குகிறது என்று மட்டும் கவனிப்பார். தபால் கொண்டுவருபவர்கூடத் தப்பியதில்லை.

திரையில் ஒரு மனித உருவம். முழங்கையை அமுக்கினால், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் புள்ளிகளாக விரியும். ஆளுக்கொரு புள்ளி, கிருமிக்கொரு நிறம். முந்நூறு பேரின் தோலைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சேர்த்த விவரம் அத்தனையும் அந்த ஒற்றைத் திரைக்குள். சிவப்பு மட்டும் கிடையாது. மாதிரி கொடுத்த பஸ் டிரைவர் ஒருவர் திரையில் தன் அக்குள் சிவந்திருப்பதைப் பார்த்து, "எனக்கு என்னங்க வியாதி?" என்று கேட்டுவிட்டார். அன்றே மேடம் அந்த நிறத்தை எடுத்துவிட்டார்.

இந்த வருடம் பிடரியில் வம்பு வந்தது. நாற்பது பேரின் பிடரியில், மண்ணில் மட்டுமே வாழும் ஒரு கிருமி. எதை நம்புவது என்று புரியாத ஆய்வகத் தலைவர், பிடரி மாதிரிகள் முழுவதையும் ஒதுக்கிவிடச் சொன்னார். இரண்டு வருட உழைப்பு. மேடத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாதிரி எடுத்த நர்ஸ் அந்த வாரம் வேறு வேலையாக எட்டிப் பார்த்தார். வழக்கம்போல நாற்காலி கிடைத்தது. "அனுப்புனதோட சரி, அதெல்லாம் என்ன ஆச்சுன்னே தெரியாது. இப்பத்தான் பாக்குறேன்" என்று ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டவர், அந்த நாற்பதும் எடுக்கப்பட்ட தேதிகளைக் கண்டதும் கையை எடுத்தார்.

"இந்தத் தேதி வர்ற வாரம்தான் குச்சி தீந்துபோச்சு மேடம். பிடரிக்கு மட்டும் வேற பெட்டி பிரிச்சேன். என் நோட்டுல இருக்கும்."

அந்த விவரம் கணினிக்கு வந்து சேரவே இல்லை. மறுநாள் நர்ஸ் நோட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க, மேடம் தட்டச்சு செய்தார். பெட்டிவாரியாக நிறம் மாற்றியதும் நாற்பதும் ஒரே நிறத்துக்கு வந்தன. அந்தப் பெட்டியில் மீந்திருந்த குச்சிகளைச் சோதித்தார்கள்; அவற்றிலும் அதே கிருமி. மற்ற இருநூற்று அறுபது பேரின் பிடரிகள் பிழைத்தன.

தலைவர் பாராட்ட வந்தார். "என்னை விடுங்க சார். இவங்க எழுதி வைக்கலேன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் புள்ளி வச்சிருப்பேன்" என்றார் மேடம்.

நர்ஸ் கிளம்பும்போது நோட்டைக் கேட்டார். மேடம் உடனே கொடுக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து, கழன்று தொங்கிய அட்டையைப் பொருத்தி ஒட்டி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் நீட்டினார்.