ஒவ்வொரு மூன்றாவது பெண்ணும்

சமாதான காலத்தில் கிளிநொச்சியிலிருந்த ஒரு நிறுவனத்தில் எனக்குக் கண்காணிப்பும் மதிப்பீடும் செய்கிற வேலை. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு நேரே அங்கே வந்திருந்தேன். எந்தத் திட்டத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்வேன்: என்ன செய்வதாகச் சொன்னார்கள், எதைச் செய்தார்கள், செய்ததைக் கண்ணால் கண்டவர் யார். மூன்றாவது கேள்விக்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தர்மபுரத்தில் நடந்த மனித உரிமைத் திட்டம் விளங்கிக்கொள்ள இலகுவானது. இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கும், ஓடுகிற வழியில் பிறந்து பதியப்படாமலே வளர்ந்த பிள்ளைகளுக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எடுத்துக் கொடுப்பது. மாதம் ஒருமுறை வவுனியாவிலிருந்து ஒரு சட்டத்தரணி வருவார். முன்பள்ளியில் மேசை போட்டு, சத்தியக்கடதாசி எழுதி, கிராம சேவையாளரின் கடிதத்தையும் சேர்த்துப் பதிவாளருக்கு அனுப்புவார். பிறப்புப் பதிவு ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று எங்கள் துண்டுப்பிரசுரம் சொன்னது. அங்குள்ள பெண்களுக்குத் துண்டுப்பிரசுரம் தேவைப்படவில்லை. பத்திரம் இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாவிட்டால் ஓ.எல். பரீட்சை எழுதுவதும் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டுவதும் பெரும் பாடு என்பதை அவர்கள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

மதிப்பீட்டுக்குப் போன அன்று, முல்லைத்தீவு வீதிப் பள்ளமொன்றில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். முழங்காலில் இரத்தம் வழிய, தலையெல்லாம் புழுதியாக முன்பள்ளி வாசலில் போய் நின்றேன். ஒரு பெண் என்னைக் கதிரையில் இருத்தி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காயத்தைக் கழுவினார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், கிறிஸ்தவ வேதக்காரர், கணவர் நோயில் இறந்தபின் சைக்கிளில் கருவாடு கொண்டுதிரிந்து விற்பவர். அவருடைய விபரம் எனக்குக் கோப்பிலிருந்து தெரியும். மூத்த மகள் இடப்பெயர்வின்போது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பிறந்தவள். பதிவு இல்லை. அந்த வருடம் அவளுக்கு ஓ.எல்.

"கலியாணம் முடிச்சிட்டீரோ பிள்ளை?" என்று காயத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இல்லை அக்கா."

"அப்ப சம்பளம் அம்மாவுக்கோ?"

"ஓம்."

"நிரந்தர வேலைதானே?"

"இல்லை, ஒப்பந்தம். திட்டம் முடிஞ்சா எனக்கும் வேலை முடிஞ்சுது."

பக்கத்தில் நின்ற மாதர் சங்கத் தலைவி கையைத் தட்டிச் சிரித்தார். "பாருங்கோவன் கதையை! நாங்கள் எங்களுக்குத்தான் சோதனை எண்டு பயந்துகொண்டு நிக்கிறம். சோதனை உந்தப் பிள்ளைக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெண்கள் பாயில் அரைவட்டமாக இருந்தார்கள். நான் வழக்கமான முன்னுரையைச் சொன்னேன்: நீங்கள் சொல்வதை வைத்துத்தான் மேலிடத்தில் முடிவெடுப்பார்கள், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் பத்திரம் கிடைத்ததா என்று கேட்பேன் என்றும், இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு மூன்றாவது பெண்ணும் பத்திரத்தைக் கையில் எடுத்துக் காட்டவேண்டும் என்றும் விளக்கினேன். எல்லாரையும் காட்டச் சொன்னால் நேரம் போதாது, ஒரே ஒழுங்கில் தெரிந்தெடுத்தால் போதும் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பதால் அந்த முறையையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பிறகு பிளேன்ரீ வந்தது. எல்லோரும் எழும்பி, குடித்து, கதைத்து, மறுபடி வந்து இருந்தார்கள்.

ஒவ்வொருவராகக் கேட்டேன். "கிடைச்சிட்டுது." "ஓம், போன மாசம்." "கிடைச்சது பிள்ளை, நல்ல சட்டத்தரணி." மூன்றாவது பெண் பத்திரத்தைப் பொலித்தீன் உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். ஆறாவது பெண்ணும் காட்டினார். கருவாடு விற்கிற அக்கா ஒரு மூன்றாமவருக்குப் பக்கத்தில் இருந்தார். "மூத்தவளின்ர வந்திட்டுது" என்றார். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதை வாய்விட்டும் சொன்னேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். தர்மபுரத்தில் இலக்கு முழுமையாக எட்டப்பட்டது. பணம் கொடுத்த அமைப்பிலிருந்து பாராட்டும், கூடவே ஒரு முடிவும் வந்தது. அங்கே தேவை தீர்ந்துவிட்டதால் சட்டத்தரணியின் வருகையை இந்த மாதத்தோடு நிறுத்தி வேறு இடத்துக்கு மாற்றலாம். பணிப்பாளர் என்னை எல்லோர் முன்னாலும் எழும்பி நிற்கச் சொல்லி, மற்றவர்களைக் கைதட்டவைத்தார்.

அந்தச் செய்தியைச் சொல்லத் தர்மபுரத்துக்கு நானே போனேன். சொல்லி முடித்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கருவாடு விற்கிற அக்கா மட்டும் என் பின்னால் மோட்டார் சைக்கிள் வரைக்கும் வந்தார்.

"அப்ப சட்டத்தரணி ஐயா இனி வரமாட்டாரோ? மூத்தவளின்ர கடதாசி அவரிட்டத்தானே கிடக்குது."

"அண்டைக்குக் கிடைச்சிட்டுது எண்டு சொன்னீங்கள் அக்கா?"

"அது உமக்காகச் சொன்னது."

அவர் ஒளிக்காமல் விளக்கினார். பெண்கள் அன்று பிளேன்ரீ குடிக்கும்போதே கதைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். குறை சொன்னால் இந்தப் பிள்ளையின் வேலை போய்விடும். நல்லாய் நடக்குது என்றால் பிள்ளைக்கும் வேலை இருக்கும், சட்டத்தரணியும் தொடர்ந்து வருவார். பத்திரம் கிடைத்தவர்களை மூன்றாம் இடங்களில் இருத்திவிட்டு மற்றவர்கள் இடையில் இருந்திருக்கிறார்கள்.

"தலைவிதான் எண்ணி எண்ணி இருத்தினவா," என்று சொல்லி அக்கா சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "என்ன பிள்ளை, பிழையாப் போச்சோ? அவளுக்கு வைகாசிக்குள்ள அட்டைக்குக் குடுக்கவேணும் எண்டு அதிபர் நெருக்கிறார்."

வீதி முழுக்க எனக்கு முகம் எரிந்தது. நான் அவர்களிடம் உண்மையைக் கேட்கப் போயிருந்தேன். இரத்தமும் சம்பளக் கதையுமாக அவர்கள் முன்னால் போய் இருந்து, என்னைக் காப்பாற்றுகிற பொறுப்பையும் அவர்கள் தலையில் வைத்துவிட்டேன். என் முறைக்குப் பாராட்டும் வாங்கிவிட்டேன்.

பணிப்பாளரிடம் சொன்னேன். "அறிக்கை போட்டாச்சு தங்கச்சி. இப்ப மாத்தினா இனி எங்களை ஆர் நம்புவினம்?" என்றார். நான் விடவில்லை. மறுபடி வீடு வீடாகப் போய், ஒருவரையும் விடாமல் பார்த்து, பத்திரம் கிடைக்காதவர்களைக் குறித்து, திருத்தம் எழுதிக் கொடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒப்பமிட்டார். சரியானதைச் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு ஆறுதலாக நித்திரை கொண்டேன்.

பணம் கொடுத்த அமைப்பிலிருந்து பதில் வந்தது. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வருவார், பயனாளிகளின் வாயாலேயே கேட்க விரும்புகிறார். அதன் பொருள் என்னவென்று அதே முன்பள்ளியில், அதே பாயில் பெண்கள் வந்து இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வந்தவர் வெளிநாட்டுப் பெண்மணி. தன்மையாகத்தான் கதைத்தார். நான் மொழிபெயர்த்தேன். "போனமுறை எல்லோருக்கும் கிடைத்தது என்றீர்கள். இப்போது சிலருக்கு இல்லை என்கிறீர்கள். என்ன நடந்தது?"

தலைவி குனிந்து பாயின் ஓரத்தை நுள்ளிக்கொண்டிருந்தார். கருவாடு விற்கிற அக்கா எழும்பினார். பின்சுவரோடு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் அவருடைய மூத்தவள் நின்றாள்.

"நான் பொய் சொன்னனான்," என்றார் அக்கா. "மற்றவையைக் கேக்காதேங்கோ. இந்தப் பிள்ளை அண்டைக்குக் காலில ரத்தத்தோட வந்தவா. தகப்பன் இல்லாத பிள்ளை போல கிடந்தது. அவவின்ர வேலை போகக்கூடாது எண்டு நினைச்சம். அவவில ஒரு பிழையும் இல்லை."

தன் மகளுக்கு முன்னால் அவர் அதைச் சொன்னார். நான் அதை ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது. 'இந்தப் பிள்ளை' என்பதை 'அந்த உத்தியோகத்தர்' ஆக்கினேன். இரத்தத்தை விட்டுவிட்டேன். தகப்பனையும் விட்டுவிட்டேன். 'பொய்' என்ற சொல்லை மட்டும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பெண்மணி கொஞ்சநேரம் எழுதினார். பிறகு, பத்திரம் கிடைக்காதவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும்வரை சட்டத்தரணி வரலாம் என்றார். நான் சொன்னதும் பெண்கள் கைதட்டினார்கள். அக்கா மட்டும் இன்னும் பாயில் இருக்கவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றார்.

"இனி உமக்கு ஒரு கரைச்சலும் வராதே பிள்ளை?"

"என்ன சொல்கிறார்?" என்று பெண்மணி என்னிடம் கேட்டார்.

"நன்றி சொல்கிறார்," என்றேன் ஆங்கிலத்தில்.

அவ்வளவு ஆங்கிலம் ஓ.எல். படிக்கிற பிள்ளைக்கு விளங்கும். மூத்தவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு தாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்திரம் கிடைத்துவிட்டதென்றும், அட்டையும் வந்து அவள் பரீட்சை எழுதினாளென்றும் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் பிறகு சொன்னார். கண்ணால் காணாததை நான் எழுதுவதில்லை. போய்ப் பார்த்திருக்கவேண்டும். அந்த வீட்டுப் படலையில் போய் நின்று, பத்திரத்தைக் காட்டுங்கோ என்று கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை. உத்தியோகத்தர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.