வெளுத்த தாடை

நைல் கரையில் சலூன் வைத்திருந்த ஷெஹாத்தாவுக்குத் தாடிக்காரர்களைக் கண்டாலே ஆகாது. பிழைப்பில் மண்ணைப் போடுகிறவர்களை யாருக்குத்தான் பிடிக்கும்? தாடியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தச் சொல்லி யாராவது வந்தால், "எடுக்கறதுன்னா உக்காரு, இல்லன்னா நடையக் கட்டு" என்பான்.

அவன் தம்பி ரகப் கழுதை வண்டியில் தர்ப்பூசணி விற்றான். பழைய ஆட்சியில் தாடி வைத்தவன் வீட்டுக்குப் போலீஸ் வரும். அந்த ஆட்சி கவிழ்ந்ததும் ரகப் தாடி வளர்த்தான். தேர்தல் வந்தபோது வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு இஸ்லாமியக் கட்சிக்காகத் தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தினான். கட்சி ஜெயித்தது. அன்று அண்ணன் கடைவாசலில் வண்டியை நிறுத்தித் தாடியை நீவி நீவிக் காட்டினான்.

"ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவங்கண்ணே நாங்க. இனி எவன் அசைப்பான்?"

"ஆடுறா ஆடு. ஒருநாள் இந்த நாற்காலியில வந்து உக்காராமலா போயிடுவ?"

வருஷம் திரும்பியது. கரண்ட் இல்லை, பெட்ரோல் இல்லை, ஜனங்கள் பொருமினார்கள். ராணுவம் டாங்கியோடு வந்து ஜனாதிபதியைத் தூக்கி உள்ளே வைத்தது. ஷெஹாத்தா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் கொடுத்தான். கண்ணாடிக்கு மேலே தளபதியின் படத்தை மாட்டினான். அதோடு தம்பி அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஆகஸ்டில் கெய்ரோவில் மறியல் செய்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர் ஊராக வேட்டை ஆரம்பித்தது. தாடி வைத்தவனெல்லாம் குற்றவாளி. ஒரு மத்தியானம் சலூனின் பின்கதவைத் தட்டினாள் ரகப்பின் மனைவி நஜாத். அவளுக்குப் பின்னால் ரகப் நின்றான்.

"மச்சான், இவர எப்படியாச்சும் சூயஸுல எங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க. இந்தத் தாடியோட ஊரத் தாண்ட முடியாது."

ஷெஹாத்தா கதவைச் சாத்தி, ஜன்னலையும் மூடினான். ரகப் நாற்காலியில் உட்கார்ந்து தளபதியின் படத்தை அண்ணாந்து பார்த்தான்.

"ஜெயிச்சுட்ட போல."

"வாய மூடு. கத்தி கீறிடும்."

கல்யாணத்தன்று தம்பிக்கு மழித்ததும் இவன்தான். இன்றைக்கும் மாப்பிள்ளைக்குச் செய்வதுபோலத்தான் செய்தான். ஒரு கீறல் விழவில்லை. தடவிப் பார்த்து, இனி எவனும் கண்டுபிடிக்க முடியாது என்று தெம்பானான். இரண்டு பேரும் வேனில் ஏறினார்கள்.

ஊர் எல்லையில் சோதனைச் சாவடி. இளவயது அதிகாரி ஒருவன் வேனுக்குள் தலையை நீட்டினான். ரகப்பின் முகத்தைப் பார்த்தவன் பார்த்தபடியே நின்றான். ஷெஹாத்தாவும் திரும்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் அப்போதுதான் பார்க்கிறான். வண்டி ஓட்டி வெயிலில் வெந்த நெற்றி கன்னங்கரேலென்று இருந்தது. தாடை மட்டும் உரித்த முட்டைபோல வெளுத்திருந்தது. பாவி, ஆயுசெல்லாம் முகத்தைப் பார்த்தே பிழைத்தவனுக்கு இருட்டுக் கடையில் இது தெரியவில்லையே.

"எப்ப எடுத்த?" என்றான் அதிகாரி.

ஷெஹாத்தாதான் முந்திக்கொண்டான். "ஐயா பாஷா, இவன் என் தம்பி. நான் ராணுவத்துப் பக்கம். என் சலூன்ல தளபதி படமே மாட்டியிருக்கேன், ஆள விட்டுப் பாருங்க."

"சலூன்காரனா? அப்ப இது உன் வேலைதான். வழவழன்னு எடுத்திருக்கய்யா."

சிப்பாய்கள் சிரித்தார்கள். ரகப்பைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். "நஜாத்தப் பாத்துக்கண்ணே" என்று மட்டும் சொன்னான். அதிகாரி ஷெஹாத்தாவின் தோளைத் தட்டி வேனை அனுப்பிவிட்டான்.

திரும்பி வந்ததும் படத்தைக் கழற்றத் துடித்தான். கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று கேட்க ஆள் வரும். அதற்குக் கீழேயே நின்று சவரம் செய்தான். பயந்து தாடியை எடுக்க வந்தவர்களை முதலில் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தான். எடுத்த பிறகு, "மொட்டை மாடியில போய் மூஞ்சிய வெயில்ல காட்டிக் கருக்கிக்கிட்டு அப்புறம் கெளம்பு" என்று அனுப்பினான்.

குளிர் பிறக்கும்போது சிறையிலிருந்து ரகப்பின் உடல் வந்தது. மாரடைப்பு என்றார்கள். குளிப்பாட்டத் துணியை விலக்கியபோது தாடி மறுபடி வளர்ந்திருந்தது. அதில் ரத்தம் கட்டிக் காய்ந்திருந்தது.

"கழுவினாப் போகாது. மழிச்சுடேன், ஷெஹாத்தா" என்றார் குளிப்பாட்டுகிற பெரியவர்.

"யாரும் கத்தி வைக்கக் கூடாது."

வெந்நீரை ஊற்றி, இழை இழையாகப் பிரித்து, ரத்தம் போகும்வரை கழுவினான். பிறகு சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தான். ஷெஹாத்தா தன் வாழ்நாளில் ஒரு தாடியை வாரிவிட்டது அதுதான் முதல் தடவை.