வெட்டிய துணி வாபஸ் இல்லை

ஐந்தரை மணி ஆனால் ஜீவந்தரன் தெருவுக்கு வருவதும் கடைக்குள் போவதுமாக இருப்பார். கையில் ஜாக்கெட் துணி, தோளில் யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவை முந்தானை. இரண்டையும் வெயிலில் சேர்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அப்படியே அண்ணாந்து சூரியனையும் பார்த்துக்கொள்வார். முதல் பார்வை வியாபாரத்துக்கு, இரண்டாவது வயிற்றுக்கு.

காஞ்சிபுரத்தில் புடவையை எந்தக் கடையில் வேண்டுமானாலும் எடுங்கள். அதற்கு ஜாக்கெட்டும் லைனிங்கும் பொருந்த வேண்டுமானால் இவருடைய மேட்சிங் சென்டருக்குத்தான் வர வேண்டும். நான் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன் என்பதால் இதைச் சொல்லவில்லை; அரக்கு நிறத்தில் மட்டும் பதினொரு வகை தெரிந்த மனிதர். ஜைனர். வெங்காயத்தை நாக்கில் வைத்ததில்லை, ஆனால் வெங்காயக் கலரில் நாலு தினுசு எடுத்துப் போடுவார். பொழுது சாய்ந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு கிடையாது. டியூப்லைட்டில் நிறம் பொய் சொல்லும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டுமென்று கூட்டமும் சரியாக அந்த நேரத்தில்தான் ஓடி வருகிறது.

கடையில் சுகாசினி வேலைக்கு இருந்தவரை கவலை இல்லை. அவள் கண்ணும் இவர் கண்ணும் ஒன்று. கத்தரிக்கோலைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமென்று, மேசைமேல் வைத்து, பிடியை அவள் பக்கம் திருப்பிவிட்டு உள்ளே சாப்பிடப் போவார். போன சித்திரையில் அவள் ஒரகடத்துப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். செவிலிமேட்டில் அவள் தெருமுனைக்கே ஏ.சி. பஸ் வந்தது. போகாமல் இருப்பாளா?

அன்றிலிருந்து இவருக்கு ஒரு கொள்கை. சுவரில் ‘வெட்டிய துணி வாபஸ் இல்லை’ என்று போர்டு இருக்கிறது. அதைக் காட்டியே பேசுவார்: “வேலைய வுட்டுப் போறதும் கத்திரி போட்ட மாதிரிதாம்பா. போனவங்கள திரும்ப சேத்தா இருக்கறவங்க இன்னா நெனப்பாங்க? நாமளும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்னு கெளம்பிடுவாங்க.”

நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே போர்டுக்குக் கீழே நின்று வெட்டிய துணியை அவர் திரும்ப வாங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்யாணப் பெண் ஒருத்தி கண் கலங்கினால் போதும். அவர் வீட்டுத் தலையணைக்கெல்லாம் ஜாக்கெட் துணியில்தான் உறை.

‘இருக்கறவங்க’ என்றது கௌசல்யாவை. எட்டு வருஷமாகக் கடையைவிட்டு அசையாதவள். ஊக்கு, பட்டன், நூல்கண்டு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்; கலரையும் அப்படியே எடுப்பதுதான் வம்பு. கார்த்திகையில் இவர் உள்ளே தோசை தின்ற பத்து நிமிடத்தில், ஒரு கல்யாண வீட்டு அக்கா தங்கைகள் ஆறு பேருக்கும் வாடாமல்லிக்குப் பதிலாகக் கத்திரிப்பூ கலரில் வெட்டிக் கொடுத்துவிட்டாள். தெருவுக்குப் போக சோம்பல்பட்டு டியூப்லைட்டை நம்பியதன் பலன். மறுநாள் ஆறு பேரும் வந்து நின்று பேசிய பேச்சை எங்கள் தெருவே ரசித்தது.

அதற்குப் பிறகு கத்தரிக்கோல் அவர் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. கூட்ட நாளில் டிபன் கேரியர் திறக்காமலே வீட்டுக்குப் போனது. வேட்டி நிற்க பெல்ட் போட ஆரம்பித்தார். “கொழுப்பு கொறஞ்சா நல்லதுதாம்பா” என்றார். குறைந்தது எடை மட்டும்தான். கிண்டல் செய்கிறேனே தவிர, எனக்குப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

முந்தாநாள் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு சுகாசினி வந்து நின்றாள்.

“இன்னா மொதலாளி, இப்டி எளச்சிட்டீங்க?”

“கம்பெனி இன்னா ஆச்சு?”

“கான்ட்ராக்ட் முடிஞ்சிட்ச்சு. வேற கம்பெனிக்குக் கூப்புட்றாங்க. போவப் புடிக்கல மொதலாளி. காலைலேர்ந்து ஒரே கறுப்பு டப்பா. கண்ணு செத்துப்போச்சு. வீடு என் சம்பளத்துலதான் ஓடிக்கினு இருக்குது. திரும்ப சேத்துக்கினீங்கன்னா…” குரல் கொஞ்சம் இறங்கியது.

ஜீவந்தரன் போர்டைக் காட்டினார். “படிக்கத் தெரியும் இல்ல?”

நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்த கௌசல்யா திரும்பினாள். “இருக்கறவங்க இன்னா நெனப்பாங்கன்னு சொல்லிக்கினே இருக்கீங்க. இருக்கறது நான் ஒருத்திதான். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? நீங்க பசியில கத்தறதக் கேட்டு நானே அந்தக் கம்பெனிக்குப் போலாம்னு இருக்கேன்.”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுமா” என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மயில்கழுத்துப் புடவையோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். சுகாசினி பழைய பழக்கத்தில் புடவைக்குக் கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள்.

ஜீவந்தரன் தெருவுக்கு வந்தார். சூரியன் எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே போய் இடுப்பிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தார். பிடியை சுகாசினி பக்கம் திருப்பினார். கேரியரைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போனார்.